எடைக்கு வராத பொன்

மார்த்தாண்டம் மேம்பாலம்
எங்கள் கிளையின் மாடி ஜன்னலை உரசிக்கொண்டு போகிறது.
லாரி ஏறினால் தராசு நடுங்கும்.
நடுக்கம் அடங்கும்வரை
யாருடைய தாலிக்கொடிக்கும் நான் எடை எழுதுவதில்லை.

அன்றைக்கு அவர் வைத்தது
நூற்று ஐம்பத்தெட்டு கிராம்.
எழுதவில்லை.
பாலத்தைப் போல அதுவும் ஸ்டீல்.

"ஒன்பதரை லட்சம் அக்கா. பில்லு உண்டு."

கப்பலில் மூன்றாம் எஞ்சினியர்,
தூத்தூர்க்காரர், பெயர் ததேயு ஜெரோன்.
சிங்கப்பூரில் கரையிறங்கக் கிடைத்த நாலு மணி நேரத்தில்
வாங்கியதாம். இந்த வருடம்தான் வந்த மாடலாம்.
பெட்டி, உத்தரவாதச் சீட்டு,
கண்ணாடி துடைக்க மடித்து வைத்த துணி
எல்லாவற்றையும் என் மேஜையில் பரப்பினார்,
பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பலகாரம் வைப்பதுபோல.

பொன்னுக்குத்தான் கடன் என்றேன்.

"பொன்னும் உண்டுமே, இதுக்க உள்ள."
புரட்டிக் காட்டினார். முதுகிலும் கண்ணாடி.
ஒன்றின் பல்லில் ஒன்று கடித்த சக்கரங்கள்,
மாதுளை முத்தளவுகூட இல்லாத சிவப்புக் கற்கள்,
அவற்றுக்கு மேலே அரைவட்டமாய் ஒரு தகடு.
சரித்தால் தொட்டில்போல் ஆடி
மறுபக்கம் போய் நிற்கிறது.
இருபத்திரண்டு காரட் என்று அதன் மேலேயே வெட்டியிருக்கிறது.
அந்த ஆட்டம்தான் உள்ளே வில்லை முறுக்குமாம்.
கை அசைந்தால் போதுமாம்.

பதினாறு வருடமாய்ப் பொன் பார்க்கிறேன்.
கழுத்தில் கிடக்கும். காதில் தொங்கும்.
எங்கள் பெட்டகத்தில் பைக்குள் பையாய்த் தூங்கும்.
வேலைசெய்கிற பொன்னை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உரைகல்லை எடுத்தேன், திரும்ப வைத்தேன்.
திறக்காமல் உரச முடியாது.
திறந்துவிட்டால் அது கடிகாரமில்லை.

மேனேஜர் திருவனந்தபுரத்துக்குப் போன் போட்டார்.
இருங்கள், கேட்டுச் சொல்கிறார்கள்.
ததேயு பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கினார்.
பன்னிரண்டில் சும்மா நின்றிருந்த மெல்லிய முள்
புறப்பட்டது. குதிக்கவில்லை,
சீவின பட்டையில் ரப்பர்ப்பால் இறங்குவதுபோல
வழுக்கிக்கொண்டு போனது.

"ஒரு செகண்டை எட்டாட்டு அறுக்கும் அக்கா."

எட்டாய் அறுத்த நொடியை வைத்து
என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.
விளையாட்டுக்குத்தான் கேட்டேன்.
அவர் யோசித்தார்.
"எஞ்சின் ரூமில பம்பு நின்னுபோச்சு ஒருக்கா. அப்பம் பாத்தேன்.
பெறவு, வீட்டுக்கு விளிச்சா
அவ எடுக்கதுக்கு எவ்வளவு ஆவும்னு பாப்பேன்.
கூடிப்போனா ஒம்பது செகண்டு."

படிவத்தில் 'நோக்கம்' என்ற இடத்தில்
'மனைவி சிகிச்சை' என்று எழுதியிருந்தார்.
அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

சின்ன வட்டத்தின் முள் பதினொன்றைத் தாண்டியபோது
மேனேஜர் போனை வைத்தார்.
ஸ்டீலுக்கு இல்லை.

ததேயு சிரித்தார். அப்படித்தான் வரும் என்று
முன்பே தெரிந்தவர்போல.
கழுத்துச் சங்கிலியைக் கழற்றி,
குருசை மட்டும் உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
மீதியைத் தராசில் வைத்தார்.
லாரி எதுவும் வரவில்லை.
கல்லில் ஒரே கோடு, ஒரு சொட்டு அமிலம்.
கோடு அப்படியே நின்றது.
பதினாறு கிராம் முந்நூறு மில்லி.

பணத்தை இரண்டுதரம் எண்ணினார். படியிறங்கினார்.
பொத்தானை மறுபடி அமுக்க மறந்துபோனார்.

சாயங்காலம் பாலத்தடியில் கருங்கல் பஸ்ஸுக்கு நிற்கிறேன்.
அந்த முள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.
சின்ன வட்டம் முப்பது நிரம்பி
முதலிலிருந்து எண்ணும்.
கழற்றி வைத்தால் மூன்றாம் நாள் நின்றுவிடும் என்றார்.
ஆஸ்பத்திரி வராந்தாவில்
நடந்துகொண்டே இருக்கிறவர் எங்கே கழற்றப்போகிறார்.

ரசீதில் நான் எழுதியது:
சங்கிலி ஒன்று. கொக்கி தேய்ந்தது.
மீட்கத் தவணை ஒரு வருடம்.
வட்டி நாள் கணக்கில்.